பதினேழாம் வரிசை

முதல் தடவை கட்டுரை திரும்பி வந்தது
ஆங்கிலத்தால்.
உப்பால் அல்ல.
"மொழி தரமாக இல்லை." ஒரே வரி.
நிலாவெளி தொடங்கி இறக்கக்கண்டி வரை
நாற்பத்தொரு கிணறு,
ஆடி வெயில், வாடகை முச்சக்கரவண்டி,
கயிறு உராய்ந்த உள்ளங்கை,
இவை எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை.

ஆகவே இயந்திரத்திடம் கொடுத்தேன்.
அதில் எனக்கு வெட்கம் இல்லை.
என் வாக்கியங்களின் கசங்கலை நீவி மடித்துத் தந்தது.
பெண்கள் சொன்னதைத் தமிழிலேயே விட்டிருந்தேன்,
அதையும் பெயர்த்தது.
எங்கள் சவர்த்தண்ணியை மட்டும்
முகம் மழிக்கிற தண்ணீர் என்று எண்ணிவிட்டது.
இரவு பதினொரு மணிக்குத் தனியே சிரித்தேன்.
திருத்தினேன்.
சிரிக்க வைக்கிற பிழை நல்ல பிழை,
தானே கையைத் தூக்கிக் காட்டும்.

மற்றது அப்படியல்ல.
அட்டவணையைச் சீராக்கு என்று கேட்டிருந்தேன்.
சீராக்கியது.
பதினேழாம் வரிசையில் நான் வெறுமையாய் விட்ட கட்டத்தில்
2.4 உட்கார்ந்திருந்தது,
அழைக்காத கலியாணத்தில்
பந்திக்கு வந்து அமர்ந்தவர் போல,
பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்
இரண்டு பக்கத்தார் சாயலோடும்.

அன்று அந்த வீட்டுப் படலை பூட்டிக் கிடந்தது.
நாய் குரைத்தது. திரும்பிவிட்டோம்.
வெற்றுக் கட்டத்துக்கு அவ்வளவுதான் காரணம்.

மதனாகரன் தொலைபேசியில் சொன்னான்:
"2.4 வரக்கூடியதுதானே.
அளந்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.
நாளைக்குக் கடைசி நாள்.
ஆர் வந்து வாளி போட்டுப் பார்க்கப் போகினம்?"
அவனுக்குத் தையில் பதவி உயர்வு நேர்முகம்.
எனக்கும்தான்.

காலை ஆறரைக்குப் புல்மோட்டை பஸ்.
நிலையத்தில் ஒரு மான்
யாரோ எறிந்த பணிஸை உறையோடு மென்றுகொண்டிருந்தது.
அதற்கு இரண்டும் ஒன்று.
பையில் மீற்றர்.
இன்று என்ன வந்தாலும் ஆடிக் கட்டத்தில் போட முடியாது,
மழை தொடங்கிவிட்டது, தெரியும்.
ஆனாலும் போனேன்.
ஏன் என்று நடத்துநர் கேட்கவில்லை.

படலை திறந்திருந்தது. நாய் படுத்திருந்தது.
றிஸ்மியா என்று பெயர் சொன்ன பெண்
கோழிக்கூட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார்.
வட்டமாய்ச் சீமெந்துக் கட்டு.
உள்ளே மண்.
மண்ணில் நாலு கத்தரிச் செடி.
"சுனாமிக்குப் பொறகு இதில தண்ணி அள்ளல்ல மிஸ்.
புள்ளயள் விழுந்திருங்கள் எண்டு
ரெண்டு வருசத்துக்கு முந்தி மூடிட்டம்."

கத்தரிப்பூ ஊதா.
மண் மூடிய கிணற்றின் உப்பு
லீற்றருக்கு 2.4 கிராம்,
ஒரு தசமத் துல்லியத்தில்.

கட்டிலேயே இருந்து தொலைபேசியில் எழுதினேன்:
பதினேழில் கிணறு இல்லை. மொத்தம் நாற்பது.
மொழியைத் திருத்த மென்பொருள் உதவியது,
இன்ன பெயர், இன்ன திகதி.
எண்கள் நாங்கள் அள்ளியவை.
ஆங்கிலத்தில் எழுதும்போது
'அள்ளிய'விலிருந்து வாளி கழன்று விழுந்துவிடுகிறது.
போகட்டும்.

மதனாகரனுக்கு அனுப்பினேன்.
நெடுநேரம் இரண்டு நீலக்கோடு மட்டும்.
பிறகு: "சராசரி மாறுமே."
"மாறும்."
பிறகு ஒன்றும் இல்லை.

றிஸ்மியா மூன்று கத்தரிக்காய் தந்தார்.
நனையாத மீற்றரோடு அவையும் பைக்குள்.
திரும்பும் பஸ்ஸில்
கடைசி இருக்கை, சாம்பல்தீவு வரை குலுக்கல்.
உப்புக்கறை படிந்த களக்கொப்பியை ஒரு தொடையிலும்
அச்செடுத்த அட்டவணையை மறு தொடையிலும் விரித்து
ஒன்றாம் வரிசையிலிருந்து
விரல் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.
நள்ளிரவு வரை நேரம் உண்டு.
இன்னும் நாற்பது.